சக்கரத்தின் நடுவே ஒரு பேரம்

காரின் ஹப் பேரிங் தேய்ந்துபோனால் கம்பெனிப் பெட்டியை வாங்குவதா, கையைக் கடிக்காத பெட்டியை வாங்குவதா? உதிரி பாகச் சந்தையில் விலைக்கும் தரத்துக்கும் இடையே நடக்கும் கண்ணாமூச்சி.

தில்லியில் காஷ்மீரி கேட் மெட்ரோ நிலையத்தை விட்டு வெளியே வந்து நிக்கல்சன் சாலைப் பக்கம் திரும்பினால், 1857ல் பீரங்கிகள் முழங்கிய கோட்டை வாசலுக்கு அருகே இன்று வேறு வகைச் சத்தம். சைக்கிள் ரிக்ஷாக்களில் பம்பர்கள் சவாரி செய்கின்றன. கூலியாட்களின் தலையில் ரேடியேட்டர்கள் நகர்கின்றன. ஒரு கட்டிலைப் போட்டால் நிறைந்துவிடும் கடைகளில் கூரை வரை அட்டைப் பெட்டிகள். நாட்டின் மிகப் பெரிய கார் உதிரி பாகச் சந்தைகளில் ஒன்று இது. இங்கே ஒரு கடையில் போய் ஸ்விஃப்ட் காருக்கு முன் சக்கர பேரிங் வேண்டும் என்று கேட்டால், விலையைச் சொல்லும் முன் கடைக்காரர் திருப்பி ஒரு கேள்வி கேட்பார்: ஜெனுயினா, கம்பெனியா, லோக்கலா?

மூன்று சொற்கள், மூன்று விலைகள். ஜெனுயின் என்றால் கார் தயாரிப்பாளரின் முத்திரை குத்திய பெட்டி. கம்பெனி என்றால் பேரிங் செய்யும் நிறுவனம் தன் சொந்தப் பெயரில் விற்பது. லோக்கல் என்றால் பெட்டி மேல் ஒரு பெயர் இருக்கும். அந்தப் பெயரில் எங்காவது ஒரு தொழிற்சாலை இருக்கிறதா என்பதை மட்டும் விசாரிக்கக் கூடாது. முதலாவதற்கும் மூன்றாவதற்கும் இடையே விலை பல மடங்கு வேறுபடுவது சகஜம். மாதச் சம்பளக்காரரும் வாடகைக் கார் ஓட்டுநரும் தடுமாறி நிற்பது இந்த இடத்தில்தான். அதிகம் கொடுத்து ஏமாறுகிறோமா, குறைத்துக் கொடுத்து ஏமாறுகிறோமா?

கொல்கத்தாவின் மல்லிக் பஜார், பெங்களூரின் ஜே.சி. ரோடு, சென்னையின் ஜி.பி. ரோடு என்று சந்தையின் பெயர்தான் மாறுகிறது. கேள்வி மாறுவதில்லை.

வாங்கப்போவது என்ன என்பதில் தெளிவில்லாதவர்களே அதிகம். சக்கரத்தை நான்கைந்து போல்ட்டுகளால் எந்த வட்டத்தின் மேல் மாட்டுகிறோமோ அது ஹப். அது சுழலும். அதைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு சுழலாமல் நிற்கும் இரும்பு வார்ப்பு, நக்கிள். சுழல்வதற்கும் சுழலாததற்கும் நடுவே பேரிங். காரின் பாரம், வளைவில் தள்ளும் விசை, குழியில் விழும் அடி எல்லாம் உள்ளங்கையளவே உள்ள இந்த வளையத்துக்குள், இரண்டு வரிசை எஃகு குண்டுகள் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகின்றன. அது தேய்ந்தால் சத்தம் வரும். சத்தத்தைச் சகித்துக்கொண்டே ஓட்டினால் சூடேறும், சக்கரம் ஆடும், பிரேக் சரியாகப் பிடிக்காது. கடைசிக் கட்டத்தில் சக்கரமே காரை விட்டுப் பிரியவும் கூடும். எனவே இது பம்பர், கண்ணாடி போல ஏதோ ஒன்றைப் போட்டு ஒப்பேற்றும் விஷயமில்லை.

ஆனால் பேரிங்தான் போயிருக்கிறதா? பல சமயங்களில் முழுப் பணமும் இந்தக் கேள்வியிலேயே மிச்சமாகிவிடும். தேயும் பேரிங் முதலில் தூரத்து மாவு மில் போல முனகும். வேகம் ஏற ஏற முனகல் இரைச்சலாகும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் நிற்காது. இடது பக்கம் வளையும்போது சத்தம் கூடினால் சந்தேகப்பட வேண்டியது வலது சக்கரத்தை. பாரம் அந்தப் பக்கம் சாய்கிறது. சிக்கல் என்னவென்றால், கோணலாகத் தேய்ந்த டயரும் இதே ராகத்தைத்தான் பாடும். அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. டயர் சத்தம் சாலைக்குச் சாலை மாறும். தார் ரோட்டிலிருந்து காங்கிரீட் ரோட்டில் ஏறியதும் அதன் சுருதி வேறாகிவிடும். பேரிங்குக்கு சாலை ஒரு பொருட்டல்ல. முன் சக்கரங்களைப் பின்னாலும் பின் சக்கரங்களை முன்னாலும் மாற்றிப் போட்டு ஓட்டிப் பார்க்கும்போது சத்தமும் கூடவே இடம் மாறினால் குற்றவாளி டயர்தான். டயர் கடையில் இதற்குச் சொற்பக் கூலிதான் கேட்பார்கள்.

இன்னொரு சோதனை, காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, மறக்காமல் அடியில் ஸ்டாண்டும் கொடுத்து, சக்கரத்தின் உச்சியிலும் அடியிலும் கை வைத்து ஆட்டிப் பார்ப்பது. ஆட்டம் இருந்தால் உடனே பேரிங் என்று முடிவு கட்டிவிடக் கூடாது; அது கீழே இருக்கும் பால் ஜாயின்ட்டின் வேலையாகவும் இருக்கலாம். உள்ளே ஒருவர் பிரேக்கை அழுத்தி மிதித்திருக்க, மறுபடி ஆட்டும்போது ஆட்டம் மறைந்துபோனால் பேரிங். மறையாவிட்டால் வேறெங்கோ கோளாறு. இடமும் வலமும் பிடித்து ஆட்டினால் மட்டும் ஆடுகிறது என்றால் ஸ்டீயரிங்கின் டை ராடைப் பார்க்க வேண்டும். வளைவில் டிக் டிக் என்று சத்தம் வந்தால் அது ஆக்சில் ஜாயின்ட். இந்தச் சோதனைகளுக்குக் கால் மணி நேரம் போதும். இவற்றைச் செய்யாமலே பேரிங் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதும் பட்டறைகளுக்கு எந்த ஊரிலும் பஞ்சமில்லை.

ஒரு பக்கம் போனால் இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும் என்று சொல்வதும் இந்தப் பட்டறைகளின் வழக்கம். ஷாக் அப்சார்பருக்கு அது பொருந்தும், ஜோடியாக வேலை செய்யும் பொருள். பேரிங் அப்படியல்ல. வலது பேரிங் தேய்ந்ததால் இடது பேரிங்குக்கு எந்தப் பங்கமும் இல்லை. இரண்டும் ஒரே வெள்ளத்தில் மூழ்கியிருந்தால் ஒழிய, மாற்ற வேண்டியது ஒன்றைத்தான். மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் லோக்கல் சாமானைத் தேடுவதைவிட இந்த இரண்டாவது பேரிங்கை வேண்டாம் என்று சொல்வதே மேல்.

வெள்ளம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. மழைக்காலத்தில் தில்லியின் மின்டோ பாலத்தடியிலோ மும்பையின் ஹிந்த்மாதா சந்திப்பிலோ முழங்கால் தண்ணீரில் காரை ஓட்டி வெளியே வந்தவர்களில் பலர், சில வாரங்கள் கழித்து மெக்கானிக்கைத் தேடுவார்கள். ஓடிச் சூடாகியிருக்கும் ஹப் திடீரென்று தண்ணீரில் முங்கும்போது உள்ளே இருக்கும் காற்று சுருங்குகிறது. சீல் கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் அந்த வழியே சேற்று நீர் உறிஞ்சப்படுகிறது. பிறகு கிரீஸ் கெட்டு, துரு பிடித்து, குண்டுகள் ஓடும் பாதை சொரசொரப்பாகிறது. குழிகள் செய்யும் வேலை வேறு. ஒரே அடியில் பாதையில் பள்ளம் விழுந்துவிடும். அழகுக்காக வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் அலாய் வீல் மாட்டியவர்களின் பேரிங் சீக்கிரம் போவதில் ஆச்சரியமில்லை. சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ பேரிங் மேல் விழும் நெம்பு அவ்வளவு அதிகம்.

எதை மாற்றுவது என்பது காரைப் பொறுத்தது. ஜீப்புகளின் காலத்தில் முன் சக்கர ஹப்புக்குள் இரண்டு கூம்பு வடிவ பேரிங்குகள் இருந்தன. மெக்கானிக் அவற்றைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் அடைத்து, நட்டைப் பதமாக முறுக்கி மாட்டுவார். இன்றைய கார்களில் பேரிங் ஆயுளுக்கும் சேர்த்து கிரீஸ் அடைத்து சீல் வைத்தே வருகிறது. கிரீஸ் போடும் பேச்சே இல்லை. பழைய பழக்கத்தில் கிரீஸ் போட்டுத் தரச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அப்படியே செய்து தருவதாகச் சொல்லிப் பணம் வாங்குகிறவர்களும் இருக்கிறார்கள்.

இப்போது ஓடும் கார்களில் மூன்று வகைகளைப் பார்க்கலாம். முதல் வகையில் பேரிங் வெறும் வளையம். அதை நக்கிளுக்குள் அழுத்தி, ஹப்பை அதற்குள் அழுத்த வேண்டும். நம் சாலைகளில் ஓடும் சிறிய கார்கள் பலவற்றின் முன் சக்கரங்கள் இந்த ரகம். சாமான் விலை குறைவு, கூலி அதிகம். இரண்டாவது வகையில் ஒரு பக்கத்து ஹப் பேரிங்கோடு ஒட்டியே வரும். மூன்றாவது வகையில் ஹப், பேரிங் எல்லாம் ஒரே உருப்படி. மூன்று அல்லது நான்கு போல்ட்டுகளைக் கழற்றி மாட்டினால் வேலை முடிந்தது. சாமான் விலை அதிகம், கூலி குறைவு. இந்தப் பாகுபாட்டைச் சொல்லாமல் ஹப் வேண்டும் என்று மட்டும் கேட்டால், முதல் வகைக் காருக்கு நல்ல நிலையில் இருக்கும் ஹப்பையும் சேர்த்து விற்றுவிடுவார்கள். அந்த வகைக் கார்களில் பெரும்பாலும் பேரிங் மட்டும் மாற்றினால் போதும். பழைய பேரிங்கின் உள் வளையம் ஹப்பின் மேல் ஒட்டிக்கொண்டுவிட, அதை எடுக்கும்போது ஹப் கீறிப்போனாலோ, வளையம் சுழன்று சுழன்று ஹப்பின் தண்டு மெலிந்துபோயிருந்தாலோதான் புது ஹப்புக்கு வேலை.

சரி, எந்தப் பெட்டி? இதற்குப் பதில் சொல்ல, பெட்டிக்குள் இருப்பதை யார் செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். கார் நிறுவனங்கள் பொதுவாகத் தங்கள் பேரிங்கைத் தாங்களே செய்வதில்லை. செய்பவர்கள் வேறு. ஜெய்ப்பூரில் 1946ல் தொடங்கிய நேஷனல் எஞ்சினியரிங் இண்டஸ்ட்ரீஸ், என்.பி.சி. என்ற பெயரில் விற்கிறது. ஸ்வீடனின் எஸ்.கே.எஃப். 1923 முதல் இந்தியாவில் வியாபாரம் செய்கிறது. ஜெர்மனியின் ஷேஃப்ளர் குழுமம் வதோதராவில் எஃப்.ஏ.ஜி. பேரிங்குகளைத் தயாரிக்கிறது. அமெரிக்காவின் டிம்கன் ஜாம்ஷெட்பூரில் ஆலை நடத்துகிறது. ஜப்பானின் என்.எஸ்.கே., என்.டி.என்., கோயோ ஆகியவையும் களத்தில் இருக்கின்றன. இத்தகைய நிறுவனங்கள்தான் கார் ஆலைகளுக்கு சப்ளை செய்கின்றன. அதே பொருள் கார் நிறுவனத்தின் பெட்டிக்குள் போனால் ஜெனுயின். பேரிங் நிறுவனத்தின் பெட்டிக்குள் போனால் கம்பெனி. தோலை உரித்தால் பழம் ஒன்றே. பெட்டியைப் பிரித்து வளையத்தின் விளிம்பைக் கூர்ந்து பார்த்தால் சில நேரம் செய்தவரின் பெயர் அங்கே பொறிக்கப்பட்டிருப்பதும் உண்டு.

அப்படியானால் எல்லாப் பாகங்களும் இரண்டு பெட்டிகளிலும் கிடைக்க வேண்டுமே? கிடைப்பதில்லை. அதன் பின்னே ஒரு வழக்கு இருக்கிறது. உதிரி பாகங்கள் வெளிச் சந்தையில் கிடைக்காததால் சர்வீஸ் நிலையங்கள் வைத்ததே விலையாக இருக்கிறது என்று ஷம்ஷேர் கட்டாரியா என்பவர் 2011ல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் புகார் கொடுத்தார். மூன்று நிறுவனங்கள் மேல் தொடங்கிய விசாரணை விரிந்து, 2014 ஆகஸ்ட் 25ல் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் ரூ. 2,544.65 கோடி அபராதம் விதிக்கும் உத்தரவில் முடிந்தது. பாகங்களைச் செய்து தரும் நிறுவனங்கள் அவற்றை வெளியே விற்கவிடாமல் கார் நிறுவனங்கள் ஒப்பந்தங்களால் கட்டிப்போட்டிருந்தன என்று ஆணையம் கண்டது. அந்தக் கட்டைத் தளர்த்த உத்தரவிட்டது. வெளிப் பட்டறையில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாடிக்கையாளரின் வாரன்டியை ஒட்டுமொத்தமாக ரத்து செய்யக் கூடாது என்றும் சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின. மூன்று நிறுவனங்களின் முறையீட்டை 2016ல் விசாரித்த தீர்ப்பாயம், அபராதத்தை மொத்த விற்பனையின் மேல் அல்லாமல் உதிரி பாக விற்பனையின் மேல் கணக்கிட வேண்டும் என்று குறைத்தது. 2022ல் மத்திய நுகர்வோர் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று குழு அமைத்து ஓர் இணையதளத்தையும் திறந்தது. இவ்வளவுக்குப் பிறகும் சில கார்களுக்கு, அதிலும் அதிகம் விற்காத மாடல்களுக்கு, ஜெனுயினைத் தவிர வேறு வழியில்லை. நன்றாக விற்கும் மாடல் வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. அவர்கள் கம்பெனிப் பெட்டியைத் தயங்காமல் வாங்கலாம். செலவைக் குறைக்க இருக்கும் வழிகளில் உருப்படியானது அதுதான்.

பொருத்தமான எண்ணைக் கண்டுபிடிப்பதில் மட்டும் கவனம் தேவை. கார் பெயரும் வருஷமும் போதாது. ஒரே மாடலில் ஏ.பி.எஸ். உள்ளதற்கு ஒரு பேரிங், இல்லாததற்கு வேறு பேரிங் இருக்கும். பதிவுச் சான்றிதழில் உள்ள சேசிஸ் எண்ணைக் கொடுத்து நிறுவனத்தின் பாக எண்ணை எடுத்து, அதற்கு இணையான எண்ணை பேரிங் நிறுவனத்தின் கேட்டலாகில் தேட வேண்டும். பழைய பேரிங்கின் மேல் இருக்கும் எண்ணே பல சமயம் போதும். டி.ஏ.சி. 39720037 என்று பொறித்திருந்தால் அதில் ரகசியம் எதுவும் இல்லை. உள் விட்டம் 39 மில்லிமீட்டர், வெளி விட்டம் 72, அகலம் 37. ஆனால் அளவு ஒன்றாக இருப்பதாலேயே பொருளும் ஒன்றாகிவிடாது. சீலின் வகையும் ஏ.பி.எஸ். வளையமும் வேறுபடலாம். அளவெடுத்து ஒப்பிட்டுவிட்டு இதுவேதான் என்று சத்தியம் செய்யும் கடைக்காரரிடம் இதைச் சொல்லிப் பார்க்கலாம்.

லோக்கல் பெட்டி ஏன் மலிவு என்பதில் மர்மம் இல்லை. குரோமியம் கலந்த உயர்கார்பன் எஃகை உருக்கி, பதப்படுத்தி, ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் சில பங்கு பிசகாமல் கடைந்து மெருகேற்றுவதில்தான் பேரிங்கின் விலை இருக்கிறது. பார்வைக்கு இதில் எதுவுமே தெரியாது. பளபளப்பு எல்லாவற்றிலும் ஒன்றுதான். பதம் போதாத எஃகும் மட்டமான கிரீஸும் கடையில் வைத்துச் சுற்றும்போது சுகமாகத்தான் சுழலும். ஐயாயிரம் கிலோமீட்டர் கழித்து அதே முனகல். அப்போது மறுபடி பேரிங்குக்கும் கொடுக்க வேண்டும், மறுபடி கூலியும் கொடுக்க வேண்டும். நக்கிளை இறக்கி ஏற்றும் முதல் வகைக் கார்களில் கூலியே லோக்கல் பேரிங்கின் விலையைத் தாண்டிவிடும். கணக்குப் போட்டால் மலிவு எது என்று தெரியும்.

லோக்கலைவிட மோசமானது, லோக்கல் என்று ஒப்புக்கொள்ளாத லோக்கல். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டி, சீல், ஹாலோகிராம் எல்லாவற்றையும் அச்சு அசலாகப் போட்டு விற்பவர்கள் இருக்கிறார்கள். அச்சுப் பிழையைத் தேடு, நிறத்தைப் பார் என்ற பழைய யோசனைகள் இன்று எடுபடாது. கள்ளப் பெட்டியின் அச்சு சில நேரம் அசலைவிட அழகாக இருக்கிறது. அதனால்தான் நிறுவனங்கள் வேறு வழிக்குப் போய்விட்டன. பெட்டியில் உள்ள கட்டக் குறியீட்டை செல்போனில் படமெடுத்துச் சரிபார்க்க ஷேஃப்ளர் நிறுவனம் ஒரிஜின்செக் என்ற செயலியை வைத்திருக்கிறது. எஸ்.கே.எஃப். நிறுவனத்துக்கும் தனிச் செயலி உண்டு. உலக பேரிங் சங்கமே பல நிறுவனங்களுக்கும் சேர்த்து ஒன்றை நடத்துகிறது. கடையிலேயே நின்று இதைச் செய்ய ஒரு நிமிஷம் போதும். செயலியைத் திறந்ததும் கடைக்காரர் முகம் மாறுகிறதா என்று பார்ப்பதும் ஒரு சோதனைதான்.

அதைவிட எளிய வழி, நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கீகரிக்கப்பட்ட டீலரின் முகவரியைப் பார்த்து அங்கே போவது. பெட்டியில் தயாரித்தவர் அல்லது இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், அதிகபட்ச சில்லறை விலை, புகாருக்கான எண் ஆகியவை இருக்க வேண்டும் என்பது 2011ம் ஆண்டின் பொட்டலப் பொருள் விதிகளின் நிபந்தனை. அந்த விலையில் கொஞ்சம் தள்ளுபடி கிடைப்பது சந்தை வழக்கம். கேட்காமலே பாதிக்குப் பாதி தள்ளுபடி என்றால் சந்தோஷப்படுவதற்கு முன் யோசிக்க வேண்டும். பில் வேண்டாமென்றால் வரி மிச்சம் என்ற ஆசை வார்த்தையும் கூடவே வரும். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா வாகன பாகங்களுக்கும் ஜி.எஸ்.டி. 18 சதவீதம்தான். அந்த 18 சதவீதத்தை மிச்சம் பிடிப்பவர் வாரன்டியையும் வழக்குப் போடும் வாய்ப்பையும் சேர்த்தே கடையில் விட்டு வருகிறார். போலி முத்திரை பொருள் விற்பவருக்கு 1999ம் ஆண்டின் வணிகச் சின்னச் சட்டம் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் ரூ. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதமும் விதிக்கிறது. 2019ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் போலிப் பொருள் விற்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் எங்கே புகார் செய்தாலும் முதலில் கேட்பது பில்லைத்தான்.

பழைய சாமான் வாங்கலாமா? தில்லியின் மாயாபுரி, மும்பையின் குர்லா, சென்னையின் புதுப்பேட்டை எங்கும் பிரித்துப் போட்ட கார்களின் ஹப்புகள் குவிந்திருக்கின்றன. பழைய பேரிங் கூடவே கூடாது. எவ்வளவு ஓடியது, எந்த வெள்ளத்தில் மூழ்கியது என்று அதன் ஜாதகம் யாருக்கும் தெரியாது. போதாக்குறைக்கு, முதல் வகை பேரிங்கை நக்கிளிலிருந்து பிடுங்கும்போதே அதன் பாதையில் அடி பட்டுவிடுகிறது. ஹப்பும் நக்கிளும் வேறு கதை. அவை தேயும் பொருள்கள் அல்ல. விபத்தில் அடிபடாத காரிலிருந்து வந்த ஹப், தண்டில் கீறல் இல்லாமலும் உள் பற்கள் மழுங்காமலும் இருந்தால், லேத் பட்டறையில் கோட்டம் பார்த்து வாங்கிக்கொள்வதில் தவறில்லை. உண்மையில் இந்தச் சந்தையில் உருப்படியாக மலிவான பொருள் இது ஒன்றுதான் என்று சொல்லலாம்.

அதற்கும் ரசீது வேண்டும். மீரட்டின் சோத்தி கஞ்ச் சந்தை, திருட்டுக் கார்களைப் பிரித்து விற்பதற்குப் பேர் போனது. 2021 டிசம்பரில் போலீஸ் அதை இழுத்து மூடியது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, சந்தேகப்படக் காரணம் இருந்தோ வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317வது பிரிவின்படி குற்றம். அரசிடம் பதிவு பெற்று வாகனங்களை முறைப்படி உடைக்கும் நிலையங்களுக்கு 2021ல் விதிகள் வந்துவிட்டன. பழைய சாமானை அங்கே தேடினால் இந்தத் தலைவலி இல்லை.

நல்ல பேரிங்கை வாங்கி வந்துவிட்டதால் கதை முடிந்துவிடவில்லை. அசல் பேரிங்கையும் அரை மணி நேரத்தில் லோக்கல் ஆக்கிவிடும் கருவி ஒன்று எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. அது சுத்தியல். பேரிங்கை நக்கிளுக்குள் இறக்கும்போது விசை வெளி வளையத்தின் மேல் மட்டுமே விழ வேண்டும். ஹப்பை பேரிங்குக்குள் இறக்கும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். இது மாறினால் அழுத்தும் விசை முழுவதும் குண்டுகள் வழியாகப் பாய்ந்து பாதையில் கண்ணுக்குத் தெரியாத பள்ளங்களை உண்டாக்கிவிடும். ஹைட்ராலிக் பிரஸ் இருந்தால் மட்டும் போதாது, சரியான அளவு வளையங்களை முட்டுக் கொடுக்கவும் தெரிய வேண்டும். புது பேரிங் ஒரு மாதத்தில் சத்தம் போட்டால் மெக்கானிக் பேரிங்கைக் குற்றம் சொல்வார், கடைக்காரர் மெக்கானிக்கைக் குற்றம் சொல்வார். பெரும்பாலும் கடைக்காரர் சொல்வதில்தான் நியாயம் இருக்கும் என்பது வருத்தமான விஷயம். பொருத்தியதில் தவறு என்றால் எந்த நிறுவனத்தின் வாரன்டியும் உதவாது.

இன்னொரு கைவேலையும் நாடு முழுக்க நடக்கிறது. நக்கிளின் துளை தேய்ந்து பேரிங் லொடலொடவென்று இருந்தால், துளையின் உட்புறம் உளியால் புள்ளி புள்ளியாகக் குத்தி மேடுபடுத்தி பேரிங்கை இறுக்கிவிடுவார்கள். வேறு சிலர் மெல்லிய தகட்டைச் சுற்றுவார்கள். அன்றைக்கு இறுக்கமாகத்தான் இருக்கும். ஆனால் முழு வட்டமும் தாங்க வேண்டிய பாரத்தைச் சில புள்ளிகள் தாங்கும். ஓட ஓட அவை நசுங்கும். சக்கரம் கழல்வதற்கு இதைவிட நல்ல ஏற்பாடு செய்ய முடியாது. இப்படிப்பட்ட நிலையில்தான் பழைய சந்தையின் நக்கிளுக்கு மதிப்பு.

நடு நட்டும் அலட்சியப்படுத்தப்படும் ஒரு பொருள். விளிம்பை வளைத்துப் பூட்டும் வகை நட்டையும், ஒரு முறைக்குமேல் பயன்படுத்தக் கூடாத மற்ற நட்டுகளையும் புதிதாகவே போட வேண்டும், விலை அற்பம். அதைக் காற்றுத் துப்பாக்கியால் கிறுகிறுவென்று முறுக்கிவிட்டு விடாமல், கார் கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரென்ச் வைத்து முறுக்க வேண்டும். மூன்றாவது வகை ஹப்பிலும் இரண்டாவது வகையிலும் பேரிங்கின் உள் வளையங்களை இறுக்கிப் பிடிப்பதில் இந்த நட்டுக்குப் பங்குண்டு. முறுக்கு குறைந்தால் ஆட்டம், கூடினால் சூடு. முறுக்கி முடிக்கும் வரை காரின் பாரத்தை அந்தச் சக்கரத்தின் மேல் இறக்கக் கூடாது.

புதிய கார்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. 2018 ஏப்ரலில் புதிய மாடல்களுக்கும் 2019 ஏப்ரலில் எல்லாக் கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. சக்கரத்தின் வேகத்தை அளக்க, சில கார்களில் ஆக்சிலில் பல்சக்கரம் இருக்கிறது. பலவற்றில் பேரிங்கின் ஒரு பக்கத்து சீலுக்குள்ளேயே காந்த வளையம் இருக்கிறது. இரண்டு பக்கமும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். தலைகீழாக அழுத்திவிட்டால் சென்சாருக்கு ஒன்றும் தெரியாது, டாஷ்போர்டில் ஏ.பி.எஸ். விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், பேரிங்கைப் பிடுங்கிக் குப்பையில் போட வேண்டியதுதான். காகிதம் குத்தும் கிளிப் ஒன்றை அருகே கொண்டுபோனால் லேசாக ஒட்டும் பக்கம்தான் காந்தப் பக்கம். அது சென்சாரைப் பார்த்து இருக்க வேண்டும். சில லோக்கல் பெட்டிகளில் காந்த வளையமே கிடையாது. அவற்றை விற்பவர்களிடம் அந்த விளக்கின் பல்பைப் பிடுங்கிவிடும் ஆலோசனையும் இலவசமாகக் கிடைக்கும்.

வேலை முடிந்ததும் பழைய பேரிங் பட்டறையின் மூலையில் உள்ள டப்பாவில் விழும். மாதக் கடைசியில் காயலான் கடைக்காரர் எடை போட்டு எடுத்துப் போவார். அதில் ஒரு பங்கு உருக்கு உலைக்குப் போகிறது. இன்னொரு பங்கு சாணை பிடிக்கப்பட்டு, பழைய எண் அழிக்கப்பட்டு, புது எண் பொறிக்கப்பட்டு, எண்ணெய் தடவிப் புதுப் பெட்டிக்குள் போய்க் கடை அலமாரிக்குத் திரும்பிவிடுகிறது. பேரிங் நிறுவனங்கள் போலிகளைப் பற்றிப் பேசும்போது பயப்படுவது இதற்கும் சேர்த்துத்தான். எனவே கூலியைக் கொடுக்கும்போது பழைய பேரிங்கைக் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. அல்லது மெக்கானிக்கிடம் கிரைண்டரை எடுக்கச் சொல்லி, வெளி வளையத்தை ஓர் இடத்தில் குறுக்கே அறுத்துவிடச் சொல்லலாம். அரை நிமிஷ வேலை.